சிப்பித்தட்டில் எழுநூற்று முப்பத்தொன்பது பேர்

சிப்பித்தட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கள் தெருவில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் தெரு இருப்பது கோவில்பட்டியில். சுற்றிலும் கரிசல் காடு. தண்ணீர் என்றால் லாரியில் வருவதுதான் தண்ணீர். எங்களில் ஒருவரும் அப்போது கடலைப் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் சிப்பித்தட்டு அத்துப்படி. கிழக்கே கடல், மேற்கே உப்பளம், வடக்கே உப்போடை, தெற்கே தூத்துக்குடிக்குப் போகிற மண் ரோடு. நடுவில் மூன்று தெரு, ஒரு மாதா கோவில், ஒரு கல்லறைத் தோட்டம், இரண்டு டீக்கடை. மொத்தம் எழுநூற்று முப்பத்தொன்பது பேர்.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் எனக்கு ஏறவே இல்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் எழுந்து வந்தவன் நான். சிப்பித்தட்டு மட்டும் ஏறியது. சொல்லிக்கொடுத்தது மிக்கேலம்மா அத்தை.

அத்தை கருவாடு விற்கிறவள். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் தெருவில் கருவாட்டு வாடை ஆகாது என்பதால் புதனும் சனியும் வருவாள். தூத்துக்குடியில் ரயில் ஏறி, மணியாச்சியில் இறங்கி வேறு வண்டி மாறி, கோவில்பட்டி ஸ்டேஷனிலிருந்து கூடையைத் தலையில் வைத்து நடந்தே வந்து சேருவாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம். நானும் என் அம்மா பத்திரகாளியும் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்போம். அம்மா அவளை மதினி என்பாள். அதனால் எனக்கு அத்தை.

"அத்த, ஒங்க ஊரு எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டால் போதும். கூடையை இறக்கி, ஓலைப்பெட்டி மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் ஊரை வைத்துக் காட்டுவாள். நீளமாக ஒரு வாளைக் கருவாட்டைக் கிடத்தினால் அது கடற்கரை. மூன்று வரிசை நெத்திலி, மூன்று தெரு. ஒரு திருக்கைத் துண்டு, மாதா கோவில். உப்பளம் எங்கே என்று கேட்டால் கருவாட்டில் ஒட்டியிருக்கிற உப்பைத் தட்டிவிடுவாள்.

"இந்தா, மேலத்தெருவுல கடசி நெத்திலி. இதான் எங்க வீடு."

"நெத்திலிக்குத் தலையே இல்லியே அத்த. வீட்டுக்கு வாசல் கெடையாதோ?"

"ஒன் தல சும்மாதான கெடக்கு. அத வச்சி அடச்சிருவோம்."

காட்டி முடித்ததும் ஊரை அப்படியே அள்ளி அம்மாவின் சொளகில் போட்டுவிடுவாள். மத்தியானம் நாங்கள் சிப்பித்தட்டைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவோம்.

ஆள் கணக்கும் அவளிடம் உண்டு. விற்காத மீனை வீடு வீடாகப் போய் வாங்கிக் காயப்போடுகிறவள் ஆயிற்றே, எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது தெரியும். சுமை இறங்கும்போதே கணக்கும் இறங்கும். "ஒண்ணு கூடியிருக்குய்யா. நடுத்தெருவுல பொம்பளப்பிள்ள." அடுத்த வாரமே, "பழைய கணக்குதான். கீழத்தெரு பாட்டையா போய்ட்டாவ" என்பாள். கூடினாலும் குறைந்தாலும் முப்பத்தொன்பதைச் சுற்றியே நிற்கும்.

அவள் வீட்டில் மூன்று பேர். அவள், மகன் கஸ்பார், மருமகள் அமலி. புருஷன் முன்னமே போய்விட்டார். பேச்செல்லாம் மகனைப் பற்றித்தான். கஸ்பாருக்கு வஞ்சிரம் ஆகாது, சாளைதான் வேண்டும். கஸ்பார் கோபித்தால் படகுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்வான். சின்ன வயசில் கயிறு இழுத்து இடது கைச் சுண்டுவிரலில் பாதி போய்விட்டது. "ஒம்பதர வெரல வச்சி அவன் வலை பின்னுனா, பத்து வெரல்காரன் வாயப் பாத்துட்டு நிக்கணும்லே."

2001 மாசியில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். எங்கள் தெருவுக்கும் ஒரு வாத்தியார் வந்து போனார். அந்தச் சனிக்கிழமை அத்தை முகம் சுருங்கி வந்தாள்.

"எங்க ஊருக்கும் ஒரு வாத்தியாரு வந்தாருய்யா. எங்க வீட்ல மூணு பேருன்னு சொல்லுதேன், ரெண்டுன்னு எழுதிட்டுப் போறாரு. ஊருக்கும் ஒரு ஆளு கொறச்சலாத்தான் வந்திருக்கும்."

"எங்கயாவது ஒளிஞ்சிருப்பாவ அத்த. நல்லாத் தேடச் சொல்லுங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

குறைந்த ஆள் கஸ்பார்தான். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. இதை அவள் கோவில்பட்டியில் ஒரு ஆளிடமும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் அவன் நேற்றும் சாளைக்குழம்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பலசரக்குக் கடை ஆறுமுகசாமி அண்ணாச்சியிடம் "நாளைக்கு ஆபீசர் வாராராம்" என்று சொல்லி, பனியனோடு உட்காருகிற மனுஷனைச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு நாள் முழுக்க உட்காரவைத்தவன் நான். பொய்க்கு ஒரு அடையாளம் சேர்த்துவிட்டால் அது நிற்கும். ஆபீசர் என்றால் நம்பமாட்டார்கள். கண்ணாடி போட்ட, இடது கைக்காரரான ஆபீசர் என்றால் நம்புவார்கள். இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டிருந்தது.

அந்த ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அத்தை குனிந்து நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்த, ஒங்க மவன நேத்து ஸ்டேஷன்ல பாத்தேன்."

"எவன?"

"எத்தன மவன் வச்சிருக்கிய? கஸ்பாரத்தான். ரெண்டாம் பிளாட்பாரத்துல நின்னு கடலமுட்டாய் தின்னுக்கிட்டு இருந்தாவ. சுண்டுவெரல் பாதி இல்ல. எந்த ஊருன்னு கேட்டேன், சிப்பித்தட்டுன்னாவ."

நான் நினைத்தது இவ்வளவுதான்: வீட்டுக்குப் போய் "எனக்குத் தெரியாம கோவில்பட்டியில ஒனக்கு என்னல வேல?" என்று மகனைப் பிடித்துக்கொள்வாள். அவன் இல்லவே இல்லை என்பான். சனிக்கிழமை வந்து ஓலைப்பெட்டி மூடியால் என்னைத் தெருக்கோடி வரைக்கும் விரட்டுவாள். தெரு சிரிக்கும்.

அத்தை உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த நெத்திலியைத் திரும்பக் கூடையில் ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு கேட்டாள்:

"எளச்சிருந்தானா?"

"கொஞ்சம்" என்றேன்.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்தக் 'கொஞ்சம்' மாதிரி ஒன்றைச் சொன்னதில்லை.

"எந்தப் பக்கம் போற வண்டி?"

"மதுரப் பக்கம்."

கூடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "ஏலே, என்னல சொன்ன அவியகிட்ட?" "சும்மா" என்றேன். பொழுது அடைகிற நேரம் அத்தை திரும்பி வந்தபோது பாதிக் கருவாட்டைப் பூனை கொண்டுபோயிருந்தது. அம்மா மன்னிப்புக் கேட்டாள். அத்தை கூடைக்குள் பார்க்கவே இல்லை.

அதற்குப்பின் அத்தை வந்தது கருவாடு விற்க இல்லை. விடியக்காலை வண்டியில் வந்து, இரண்டாம் பிளாட்பாரத்தில் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம்தான் எங்கள் தெருவுக்கு வருவாள். ஸ்டேஷனில் டீ விற்கிற கண்ணுசாமிதான் எனக்குச் சொன்னார்.

"போட்டாவக் காட்டிக் காட்டி எல்லாருட்டயும் கேக்குதுப்பா அந்த அம்மா. மூணு வருசத்துக்கு முன்ன கடல்ல போன பையனாம். நம்மூர்ல எவனோ பாத்தேன்னு சொல்லியிருக்கான். எந்தக் கிறுக்குப்பயலோ."

கையில் வாங்கிய டீயை நான் குடித்தேனா கீழே வைத்தேனா, ஞாபகம் இல்லை.

மறுநாளே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு புதனும் சனியும் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அவள் வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக, கூடைக்கு அடியில் தனியாகப் பொதிந்து வைத்த சீலாக் கருவாட்டை எடுத்து என் கையில் வைப்பாள். "நீ கண்ட கண்ணுய்யா" என்பாள். கன்னத்தைத் தொட்டு அந்த விரலை முத்தமிட்டுக்கொள்வாள். அம்மா அதைப் பொரித்துத் தட்டில் போடுவாள். நானும் தின்பேன். தின்றுவிட்டு அடுத்த புதன் சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பேன்.

புரட்டாசியில் ஒரு நாள் வேறொருத்தி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு. ரயிலில் வந்த கசங்கல் சேலையில் தெரிந்தது.

"வெயிலுமுத்துங்கது யாரு?"

"நாந்தான்."

"நான் கஸ்பார் வீட்டுக்காரி. அமலி."

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். கல்யாணம் முடிந்து ஐந்தாவது மாதத்தில் அவன் போனது. படகில் நாலு பேர். மூன்று பேருடைய உடம்பு கரைக்கு வந்தது. கஸ்பார் வரவில்லை. இப்போது உப்பு லாரி ஓட்டுகிற ஒருவர் அமலியைக் கேட்டு வந்திருக்கிறார். அவள் வீட்டாருக்கும் சம்மதம். உடம்பு கிடைக்காத ஆளை இறந்தவர் என்று கோவிலில் எழுதினால்தான் மறு கல்யாணம் நடக்கும். அதற்குப் பங்குச்சாமியார் பிஷப் வீட்டுக்கு எழுதிப்போட்டார். அங்கிருந்து விசாரிக்க வந்தவர்களிடம் அத்தை ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறாள்: என் மகனைக் கோவில்பட்டி ஸ்டேஷனில் ஒரு பையன் பார்த்திருக்கிறான். அதையும் எழுதிக்கொண்டார்கள். காகிதம் அங்கேயே நின்றுவிட்டது.

"நீ பாத்தது நெசம்னா எனக்குச் சந்தோசந்தான் தம்பி. எந்த ஊருன்னாலும் தேடிப் போவேன். பொய்யின்னாலும் சொல்லிரு. நான் கோவப்பட மாட்டேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்லா எனக்கு."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொய்க்கு அப்போது மூன்று மாத வயசு. பெற்றவனைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

"பாத்தேன்" என்றேன்.

அமலி தலையாட்டினாள். தண்ணீரைக் குடித்தாள். எழுந்திருக்கும்போது என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"கடலமுட்டாய் தின்னாவன்னு சொன்னியாம். அவியளுக்குச் சொத்தப் பல்லு. இனிப்பு வாயில வைக்க மாட்டாவ. மாறியிருப்பாவ போல."

தெருவில் இறங்கி நின்று, "நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளு" என்றாள். "ஊர்ல எல்லாரும் மெழுகுவத்தி ஏத்துவாவ. நாங்க மட்டும் அவியளுக்கு ஏத்தல." திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நவம்பர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் ரயில் ஏறினேன். மணியாச்சியில் மாறினேன். தூத்துக்குடியிலிருந்து மண் ரோட்டில் நடந்தேன். உப்பளம் வந்தது. வெள்ளை வெள்ளையாகக் குவியல். அதைத் தாண்டினால் மூன்று தெரு. ஓலைப்பெட்டி மூடியில் பார்த்தது அச்சுப் பிசகாமல் அங்கே இருந்தது. கடலைத்தான் நான் சரியாக நினைத்திருக்கவில்லை. ஒரு வாளைக் கருவாடு அளவுக்கு நினைத்து வைத்திருந்தேன். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிடந்தது. ஒருவனை அதில் எப்படித் தேட முடியும்?

ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். சாயங்கால வெயில். கைக்குழந்தை முதல் குச்சி ஊன்றுகிற கிழவர் வரை, மெழுகுவத்திப் பொட்டலமும் பூவுமாகச் சிலுவைகளுக்கு நடுவே நெருக்கி நின்றார்கள். எண்ணினால் எண்ணிவிடலாம். நான் எண்ணவில்லை.

அத்தை புருஷன் கல்லறையில் இருந்தாள். அமலி பூவை உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அத்தை முகம் மலர்ந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஓட்டமாக வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி பாத்தியா? எங்கன? ஸ்டேஷன்லயா?"

"இல்ல அத்த."

"பெறவு?"

"நான் பாக்கவே இல்ல. வெளாட்டுக்குச் சொன்னேன். அவிய கடல்ல போனது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

பக்கத்துக் கல்லறையில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை என் கையை விடவில்லை.

"சுண்டுவெரல் பாதி இல்லன்னு சொன்னியேல. பாக்காமலா சொன்ன?"

"நீங்கதான் அத்த சொன்னிய. ஒம்பதர வெரல வச்சி வலை பின்னுவாவன்னு. எங்க வீட்டு வாசல்ல வச்சித்தான் சொன்னிய."

அவள் யோசித்தாள். அந்த நாளை, எங்கள் வாசலை, அன்றைய கூடையை எல்லாம் தேடுகிற மாதிரி அவள் கண் அங்கும் இங்கும் அலைந்தது.

"நானா சொன்னேன்?"

"ஆமா அத்த."

"நாந்தானா சொன்னேன்."

கையை விட்டாள். அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து மெழுகுவத்திப் பொட்டலத்தைப் பார்த்தாள். ஒன்று மீதி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கிழக்கு மதில் ஓரத்துக்கு நடந்தாள். கடலில் போய்க் கிடைக்காதவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவார்கள் என்று பிறகு அமலி சொன்னாள். சிலுவை கிடையாது. மணல்தான். ஏற்கெனவே ஐந்தாறு மெழுகுவத்தி அங்கே எரிந்துகொண்டிருந்தது. அத்தை மண்டியிட்டு ஒரு கை மணலைக் குவித்துத் தன்னுடையதை நட்டாள்.

"தீப்பெட்டி வச்சிருக்கியா?" என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

கோவில்பட்டிக்காரன் பையில் தீப்பெட்டி இல்லாமல் இருக்குமா? எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயே கொளுத்து."

முதல் குச்சியைக் கடல் காற்று அணைத்தது. இரண்டாவது உரசும்போதே போனது. மூன்றாவது, நாலாவது. எங்கள் தெருவில் ஒட்டிய பெட்டி அது. அந்த மடிப்பும் பசையும் எனக்குத் தெரியும். ஐந்தாவது குச்சிக்கு அமலி வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்து மறைத்தாள். திரி பிடித்தது. அதன்பின் அத்தை அழுத சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

இருட்டுவதற்குள் அமலி என்னைச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். 'கஸ்பார் என்பவரை நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னது பொய்' என்று எழுதி, வெயிலுமுத்து என்று கீழே கையெழுத்துப் போட்டேன். இரண்டு தடவை பத்தாம் வகுப்பு எழுதியும் நான் ஒழுங்காக எழுதிய ஒரே விடை அதுதான்.

"வயசு என்ன தம்பி?" என்றார் சாமியார்.

"பதினேழு சாமி."

அவர் தாளை மடித்து உறைக்குள் வைத்தார்.

அடுத்த கோடைக்குள் பிஷப் வீட்டிலிருந்து பதில் வந்து, ஆவணியில் அமலிக்குக் கல்யாணம் நடந்தது என்று கண்ணுசாமி சொன்னார். அவருக்கு அத்தையே சொன்னதாம். மருமகளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, கோவிலில் தாய் ஸ்தானத்தில் நின்று அனுப்பிவைத்தாளாம். லாரிக்காரருக்கு ஊர் வேம்பார் பக்கமாம்.

அத்தை இன்னும் புதனும் சனியும் கோவில்பட்டிக்கு வருகிறாள். ஸ்டேஷனில் உட்காருவதில்லை. எங்கள் தெருவுக்கும் வருவதில்லை. "மதினி நம்ம தெருவ மறந்துட்டாளோ?" என்று அம்மா கொஞ்ச நாள் கேட்டாள். ஒரு நாள் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

பக்கத்துத் தெருவில் அவள் குரல் கேட்டதும் நான் போய் நிற்பேன். நாலு பேருக்குப் பின்னால் என் முறை வரும். நெத்திலி கேட்பேன். அளவு குறையாமல் அளந்து போடுவாள். எல்லாருக்கும் கொசுறாக ஒரு கை போடுகிறவள், என் பையில் போடுவதில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை விஜி என்று ஒரு குட்டிப்பெண், கூடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "ஆச்சி, ஒங்க ஊர்ல எத்தன பேரு?" என்று கேட்டாள்.

அத்தை நெத்திலியை அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"எழுநூத்தி முப்பத்தேழும்மா."

"ஒங்க வீட்ல?"

"நான் ஒருத்திதான்."

சுமையைத் தூக்கிவிட ஆள் பார்த்தாள். நான் முன்னால் போனேன். அவள் அடுத்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னாள்.

அங்கிருந்து ஸ்டேஷனுக்கு எங்கள் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். வெயில் உச்சியில் இருந்தது. அவள் பஜார் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.